“காலையில படுக்கை, சாயங்காலம் சிரிப்பு”: மனச்சோர்வு பற்றிய தப்புப் பேச்சுகளுக்கு ஒரு பக்கத் தாள், உதவி தேவை

தோட்டத்துமல்லி (சுங்கை சிப்புட், மலேசியா) கேட்டது:

வணக்கம். அடுத்த மாதம் கோயில் மண்டபத்தில் தோட்டக் குடும்பங்களுக்காக மனச்சோர்வு பற்றி ஒரு மணி நேரக் கூட்டம் நடக்கிறது. செம்பனைக் குலை வெட்டுபவர்கள், லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டு டவுன் பக்கம் குடிவந்தவர்கள், வயதானவர்கள் எல்லாரும் வருவார்கள். வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு பக்கத் தாள் அச்சடிக்கிறோம். “மனம் விட்டுப் பேசுங்கள்” என்று பொதுவாக எழுதினால் யாரும் படிக்கப்போவதில்லை. அதனால் நம் ஆட்கள் சொல்வதை அப்படியே போட்டு, கீழே பதில் எழுதலாம் என்று எண்ணம். அடிக்கடி காதில் விழுபவை இவை:

“கை நெறைய வேலை இருந்தா இதெல்லாம் வராது.”
“காலையில பெரட்டுக்கு எந்திரிக்க மாட்டேங்கறான், சாயங்காலம் கடையில உக்காந்து சிரிக்கறான். நடிப்பு.” (பெரட்டு: தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு)
“நல்ல வீடு, நல்ல பிள்ளைங்க, இவளுக்கு என்ன குறை?”
“கிளினிக்குல சொன்னா தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க.” (மனநல மருத்துவமனை இருக்கும் ஊர்)
“அந்த மாத்திரை பழகிடும். ஆளைத் தூங்க வெச்சே வெச்சிருக்கும்.”
“சாவைப் பத்திக் கேட்டா நெனைக்காதவனுக்கும் நெனப்பு வந்துடும்.”
“யாரோ செஞ்சு வெச்சிருக்காங்க.”

இருப்பது ஒரே பக்கம். எதற்கு அதிக இடம் கொடுக்க வேண்டும்? பதிலில் என்ன இருந்தால் வீட்டில் உள்ளவர்களுக்கு உதவும்? இந்தத் துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

———

கிளினிக்_மேசை:

மல்லி அக்கா, ஏழுக்கும் ஒரே அளவு இடம் வேண்டாம். இந்தப் பேச்சு ஒவ்வொன்றும் ஆளை ஓர் இடத்தில் நிறுத்திவிடுகிறது. சில பேச்சு கிளினிக் வாசலையே மிதிக்க விடாது. ஒன்று, மூன்றாம் நாளே மாத்திரையைக் குப்பையில் போட வைக்கும். இன்னொன்று, உயிர் ஊசலாடும் நேரத்தில் வீட்டார் வாயைக் கட்டிப்போடும். எது எங்கே நிறுத்துகிறது என்று பார்த்து இடம் ஒதுக்குங்கள்.

முதலில் தலைப்பு. “மன அழுத்தம்” என்று போடாதீர்கள். நம் பக்கம் அந்தச் சொல்லைக் கடன் தொல்லைக்கும் சொல்கிறோம், பிள்ளையின் பரீட்சைக்கும் சொல்கிறோம். அது மலாயில் தெக்கானான். நீங்கள் பேசப்போவது மனச்சோர்வு, மலாயில் கெமுருங்ஙான். அழுத்தம் என்றால் சுமையை இறக்கினால் தளர்ந்துவிடும். சோர்வு, சுமையை இறக்கிய பிறகும் போகாது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் “ரெண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போயிட்டு வா, சரியாயிடும்” என்கிறார்கள். ஆள் போய்விட்டுத் திரும்பி வருவார், ஒன்றும் மாறியிருக்காது. உடனே “போயும் சரியாகலையே, இவன் திருந்த மாட்டான்” என்ற பேச்சு தொடங்கிவிடும்.

அதிக இடம் கொடுக்க வேண்டியது அந்தக் காலை–சாயங்காலப் பேச்சுக்கு. தோட்ட வேலையில் இருப்பவரை இதைவிடக் கெடுக்கும் பேச்சு வேறில்லை. கொஞ்சம் கடுமையான மனச்சோர்வில் பலருக்கு விடியற்காலைதான் மோசமான நேரம். வழக்கமாக ஐந்து மணிக்கு எழுபவர் மூன்றுக்கே விழித்துவிடுவார், மறுபடி தூக்கம் வராது. கை காலில் கல்லைக் கட்டிவிட்டது போல் இருக்கும். சட்டையை எடுத்து மாட்டுவதே பெரிய வேலையாகத் தெரியும். மதியத்துக்கு மேல் மெல்ல இறங்கி, சாயங்காலம் ஓரளவு பேச வரும். இது நோயின் போக்கு. நம் தோட்டத்தில் ஆளை எடை போடுவது பெரட்டு நேரத்தில். அந்த நேரம்தான் அவருக்கு நாளிலேயே கொடிய நேரம். காலை ஆறு மணிக்கு மண்டோர் (கங்காணி) பார்ப்பதும் மாலை ஆறு மணிக்குக் கடைக்காரர் பார்ப்பதும் ஒரே நோயாளியைத்தான், பன்னிரண்டு மணி நேர இடைவெளியில். தாளில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கிளினிக்கில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள், பயம் பாதி குறையும். பிஎச்கியூ-9 என்று ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாள். கடந்த இரண்டு வாரத்தை வைத்துப் பதில் சொல்ல வேண்டும்: எதிலும் நாட்டமில்லை, மனம் தளர்ந்து கிடக்கிறது, தூக்கம் கெட்டது அல்லது அளவுக்கு மீறித் தூக்கம், அசதி, பசி குறைவு அல்லது மிகுதி, “நான் எதுக்கும் உதவாதவன்” என்ற எண்ணம், கவனம் நிற்காமை, அசைவிலும் பேச்சிலும் மந்தம் அல்லது பதற்றம், செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. 5 வந்தால் லேசு, 10 நடுத்தரம், 15 சற்றுக் கடுமை, 20-உம் அதற்கு மேலும் கடுமை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் உட்கார வைத்து விரிவாகப் பேசுவார். ஒன்பதாவது கேள்விக்கு 1 விழுந்தாலே, மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அதைப் பற்றித் தனியாகக் கேட்பார்கள். தாள் மட்டும் நோயைத் தீர்மானிக்காது, டாக்டரின் பேச்சும் சேர்ந்துதான்.

அந்தத் தாளை மலாயில் நீட்டினால் பெரியவர்கள் “தாக் அடா, தாக் அடா” (இல்லை, இல்லை) என்று எல்லாவற்றுக்கும் 0 போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். தமிழ் வடிவமும் உண்டு, கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் கூடப் போகிறவர் ஒவ்வொரு கேள்வியையும் வீட்டுத் தமிழில் சொல்லிக் கேட்க வேண்டும். நம் பெரியவர்கள் “மனசு சரியில்ல” என்று ஆரம்பிப்பது அபூர்வம். “மேலெல்லாம் வலி, மண்டை கனக்குது, நெஞ்சை அடைக்குது, வயித்துல எரிச்சல்” என்றுதான் வரும். ஊசியும் சத்து மாத்திரையும் வாங்கிக்கொண்டே ஆறு மாதம் ஓடிவிடும். வலி பொய்யில்லை, மனச்சோர்வில் உடம்பு உண்மையிலேயே வலிக்கும். அதனால் தாளில் “ரெண்டு வாரத்துக்கு மேல ஒடம்பு வலி, கூடவே தூக்கமும் பசியும் கெட்டிருக்கா?” என்ற கேள்வியைப் போடுங்கள். “சோகமாக இருக்கிறீர்களா” என்று கேட்பதைவிட அது நிறையப் பேரைப் பிடிக்கும்.

இன்னொன்று. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், இரத்தம் குறைந்தாலும் இதே மாதிரி அசதியும் மந்தமும் வரும். அதனால் இரத்தம் எடுப்பார்கள். “மனசுன்னு சொன்னேன், எதுக்கு ஊசி குத்தறாங்க” என்று சிலர் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் இருப்பார்கள்.

“கை நெறைய வேலை” பேச்சுக்கு ஒரு வரி போதும்: 2023-ல் நாடு முழுதும் எடுத்த சுகாதார ஆய்வில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு. 2019-ல் அது 2.3. இத்தனை பேரும் வேலையில்லாமல் சும்மா இருப்பவர்கள் இல்லை.

———

மருந்தகத்தார்:

மாத்திரைப் பேச்சை நான் எடுத்துக்கொள்கிறேன். இங்கே இரண்டு மருந்தைப் போட்டுக் குழப்புகிறார்கள்.

பழகிப்போகும் மாத்திரை என்று ஊரில் சொல்வது அல்பிரசோலாம், டையசிபாம் வகையை. அரை மணியில் படபடப்பை அடக்கும், தூக்கம் வரும், பல வாரம் தொடர்ந்து எடுத்தால் உடம்பு அதையே கேட்கும். அந்தப் பயம் நியாயமானதுதான். மனச்சோர்வுக்கு முதலில் கொடுப்பது வேறு: செர்ட்ராலின், ஃபுளூவொக்ஸெட்டின், எசிட்டலோபிராம். இவற்றுக்கு ஆசை வராது, அளவை ஏற்றிக்கொண்டே போகத் தோன்றாது, போதையும் இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் மின்சாரம் சுரீரென்று ஓடுவது போன்ற உணர்வு வரலாம். அதைக் கண்டுதான் “பார், பழகிடுச்சு” என்கிறார்கள். மெல்ல மெல்லக் குறைத்தால் பெரும்பாலோர் சிரமமில்லாமல் விட்டுவிடலாம். தீபாவளி விடுமுறை, பெருநாள் விடுமுறைக்கு முன் கையில் எத்தனை மாத்திரை மீதம் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு நிறுத்தம் அப்படித்தான் நேர்கிறது.

உண்மையில் ஆள் விட்டுப்போவது முதல் பத்து நாளில். காரணத்தைச் சொன்னால் தாங்குவார்கள். இந்த மாத்திரை செரோட்டோனின் என்ற வேதிப்பொருளின் மேல் வேலை செய்கிறது. உடம்பில் உள்ள செரோட்டோனினில் மிகப் பெரும் பங்கு குடலில்தான் இருக்கிறது. ஆகவே மனம் தெளிவதற்கு முன்னால் வயிறு கலங்கும்: குமட்டல், பேதி, தலைவலி, சிலருக்குப் படபடப்பு. ஒன்று இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நிவாரணமோ இரண்டாவது வாரத்துக்கு மேல்தான் தலைகாட்டும், நன்றாகத் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதாவது கெட்டது முதலில், நல்லது பிறகு. இதை யாரும் சொல்லாமல் அட்டையைக் கையில் கொடுத்தால், “இதைப் போட்டுத்தான் வயிறு கெட்டுச்சு” என்று மூன்றாம் நாள் முடிவு கட்டிவிடுவார்கள்.

செர்ட்ராலின் 50 மில்லிகிராம் மாத்திரையை முதல் வாரம் பாதியாக உடைத்து 25 என்று தொடங்கச் சொல்வது உண்டு, வயிற்றைப் பழக்க. சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் காலை நாலரைக்குப் போட்டுவிட்டு மரத்தடிக்குப் போனால் குமட்டல் நிச்சயம். தூக்கம் கெட்டால் காலைப் பசியாறலோடும், மப்பாக இருந்தால் இராச்சாப்பாட்டோடும் மாற்றலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு. நேரம் எதுவானாலும் தினமும் அதே நேரம். தலைவலி மாத்திரை போல “மனசு சரியில்லாத அன்னிக்கு மட்டும்” போட்டால் பலனே இல்லை.

வெட்டு வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள். தோள்வலிக்கும் இடுப்புவலிக்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடும் பழக்கம் இருக்கிறது. இந்த மருந்தோடு அது சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும் வாய்ப்புக் கூடும். மலம் தார் போலக் கறுத்தால் அன்றே ஆஸ்பத்திரி. டிராமடோல் என்ற வலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இரண்டும் சேரக் கூடாத சந்தர்ப்பங்கள் உண்டு. பெயரில்லாத “மூட்டுவலிச் சூரணம்” எதையும் மருந்தக மேசையில் காட்டச் சொல்லுங்கள். உறையில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இல்லாதவற்றில் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பது இந்த நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. அந்த ஸ்டீராய்டே மனநிலையைப் புரட்டிப்போடும், திடீரென்று நிறுத்தினாலும் ஆளைச் சாய்க்கும்.

ஆண்கள் வாய் திறக்காமல் மாத்திரையை விடுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவது, தாமதமாவது இந்த மருந்துகளில் சகஜம். சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். டாக்டர் பெண்ணாக இருந்து சொல்லக் கூச்சப்பட்டால் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினால் போதும்.

எத்தனை நாள்? சரியான பிறகும் குறைந்தது 6 முதல் 9 மாதம். திரும்பத் திரும்ப வந்தவருக்கு இரண்டு வருடம் அல்லது அதற்கு மேல். “நல்லாயிட்டேன்” என்று இரண்டாம் மாதம் விட்டவர்களுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

———

தோட்டத்துமல்லி:

மருந்தகத்தார் ஐயா, “கெட்டது முதலில், நல்லது பிறகு” என்பதை அப்படியே தாளில் போட்டுக்கொள்கிறேன். கிளினிக்_மேசை சொன்ன காலை நேர விஷயம் இங்கே யாருக்கும் தெரியாது, எனக்கும் புதுசு.

இப்போது தஞ்சோங் ரம்புத்தான். நாங்கள் இருப்பது சுங்கை சிப்புட், அது பக்கத்து ஊர். சின்னப் பிள்ளைகள் சண்டை போட்டால்கூட “உன்னை தஞ்சோங் ரம்புத்தான்ல போட” என்கிறார்கள். சும்மா “அப்படியெல்லாம் இல்லை” என்று எழுதினால் நம்ப மாட்டார்கள். நடப்பு என்ன? எங்கே போக வேண்டும், எவ்வளவு செலவு, என்ன சொல்ல வேண்டும்?

———

ஈப்போ_சாலை:

அங்கே இருப்பது உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. 1911-ல் திறந்தது. நூறு வருடத்துக்கு மேலாகப் பேராக் முழுவதும் அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கிவிட்டார்கள். ஒரு காலத்தில் போனவர்கள் வருடக்கணக்காக உள்ளேயே இருந்தது உண்மை, பயம் அங்கிருந்து வந்தது. அதை மறுக்காதீர்கள், மறுத்தால் தாத்தா பாட்டிகள் உங்களை நம்ப மாட்டார்கள். இன்றைக்கு மனச்சோர்வுக்கு வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளிநோயாளிகள்: டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி, வீடு போய்ச் சேர்கிறார்கள். அந்த மருத்துவமனையிலேயே வெளிநோயாளர் கிளினிக் நடக்கிறது. ஒருவரை அவர் விருப்பமில்லாமல் சேர்ப்பதற்கு 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் நிபந்தனைகள் இருக்கின்றன. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில் வருவது அது. தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது என்று சொன்னதற்காக யாரையும் வண்டியில் ஏற்ற மாட்டார்கள்.

வழி இதுதான். முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக், கிளினிக் கெசிஹாத்தான். மைகார்டு (அடையாள அட்டை), 1 வெள்ளி (ரிங்கிட்), மருந்தும் அதற்குள் அடக்கம். பெரும்பாலானவர்களுக்கு அங்கேயே சிகிச்சை தொடங்கலாம், அதற்குக் குடும்ப மருத்துவ நிபுணர்கள் இருக்கிறார்கள். கடுமையாக இருந்தால் கடிதம் எழுதி ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். நிபுணர் கட்டணம் 5 வெள்ளி. இவை குடிமக்களுக்கான கட்டணம். சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகள்) போகும்முன் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளட்டும். மெந்தாரி என்ற சமூக மனநல மையங்களும் இருக்கின்றன, பேச்சுச் சிகிச்சை, வேலைக்குத் திரும்ப உதவி எல்லாம் அங்கே. பெரிய மருத்துவமனையில் எழுதிய மருந்தை மாதாமாதம் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கிலேயே வாங்கும் ஏற்பாடு உண்டு. மருந்தக மேசையில் “ஸ்பப் வேண்டும்” என்று கேட்டால் எழுதிக்கொள்வார்கள். ஒரு நாள் கூலி போகாது.

முகப்பில் என்ன சொல்வது என்று தெரியாமல் “டெமாம்” என்று காய்ச்சலைச் சொல்லிவிட்டு வருபவர்கள் நிறைய. இந்த வாக்கியத்தைத் தமிழ் எழுத்திலேயே தாளில் அச்சடியுங்கள்: “நாக் ஜும்பா டொக்தோர். சுடா டுவா மிங்கு தாக் போலே தீடோர், தாக் அடா செமாங்காட்.” (டாக்டரைப் பார்க்கணும். ரெண்டு வாரமாத் தூங்க முடியல, உற்சாகம் இல்ல.) அதற்கு மேல் முகப்பில் விளக்கம் வேண்டாம், மீதி அறைக்குள்.

அறைக்குள் போகுமுன் ஒரு தாளில் ஐந்து விவரம் எழுதி எடுத்துப்போனால் பத்து நிமிடப் பார்வையில் பாதி வேலை முடியும்: எந்த மாதம் தொடங்கியது, எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு விழிக்கிறார், எடை இறங்கியதா, குடி எவ்வளவு, இப்போது என்னென்ன மாத்திரை. அதோடு ஒன்றை மறக்கக் கூடாது. முன்பு எப்போதாவது பல நாள் தூங்காமலே துள்ளலாக, காசை வாரி இறைத்து, நிற்காமல் பேசிக்கொண்டு இருந்தாரா? ஆம் என்றால் அது இருமுனை நோயாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் ஆள் மறுபக்கம் எகிறிவிடுவார். நோயாளிக்கு இது நினைவுக்கு வராது, வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

குடியை நிறுத்துவது பற்றி: தினமும் சம்சு (மலிவுச் சாராயம்) போடுபவரை “முதல்ல குடியை விட்டுட்டு வா, அப்புறம் டாக்டர்” என்று மிரட்டாதீர்கள். அதிகம் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்புவரை போகும். குடியோடு வந்தாலும் கிளினிக் பார்க்கும்.

———

இரவுத்தாதி:

அந்த ஆறாவது பேச்சுதான் ஆளைக் கொல்லும் பேச்சு. தாளில் அதற்குக் கட்டம் போட்டு இடம் கொடுங்கள் அக்கா.

கேட்டால் நினைப்பு வந்துவிடும் என்பது தவறு. நேராகக் கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. “ஒருத்தராவது புரிஞ்சுக்கிட்டாங்களே” என்று பலர் மூச்சு விடுகிறார்கள். எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். “அப்படியெல்லாம் எதுவும் நெனைக்கலல்ல?” என்று கேட்டால் “இல்ல” என்ற பதிலை நாமே அவர் வாயில் வைத்துவிடுகிறோம். இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: “இவ்வளவு கஷ்டத்துல இருக்கும்போது சில பேருக்குச் செத்துடலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதா?” கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். பதில் வர ஒரு நிமிடம்கூட ஆகும். “ஆமா” என்று வந்தால் சத்தியம் வாங்காதீர்கள், பிள்ளைகளைக் காட்டி அழ வைக்காதீர்கள். “எப்படி, எப்போன்னு யோசிச்சு வெச்சிருக்கியா?” என்று அடுத்ததைக் கேட்க வேண்டும்.

யோசித்து வைத்திருந்தால் தனியே விடக் கூடாது. அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவு. வண்டி இல்லாவிட்டால் 999. பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் 15555, தாலியான் காசே 15999, 24 மணி நேரமும் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. இந்த மூன்று எண்ணும் தாளில் பெரிதாக இருக்கட்டும், மடித்தால் மறையாத மேல் மூலையில்.

தோட்டத்து வீட்டில் புல் மருந்தும் பூச்சி மருந்தும் குளியலறைக்குப் பின்னால் போத்தலில் இருப்பது சாதாரணம். ஆள் சோர்வில் இருக்கும் மாதங்களில் அவை வீட்டை விட்டே போக வேண்டும், பூட்டு போதாது. அவர் சாப்பிடும் மாத்திரையும் வேறொருவர் கையில் இருந்து தினமும் அன்றைய அளவு மட்டும். சாக வேண்டும் என்ற வேகம் பல பேருக்குச் சில நிமிடம், சில மணி நேரம் பொங்கி அடங்கும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாதிருப்பதே உயிரைக் காக்கிறது.

சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் கண்ணை எடுக்காதீர்கள். மனம் தெளியும் முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடலாம். 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். நெடுநாள் முடங்கிக் கிடந்தவர் திடீரென்று அமைதியாகி, கடனையெல்லாம் அடைத்து, பொருளைப் பிறருக்குக் கொடுத்தால் “தேறிட்டான்” என்று எடுத்துக்கொள்ளாமல், மேலே சொன்ன கேள்வியை அன்றே கேளுங்கள்.

“போலீசுல மாட்டிவிட்டுருவாங்க” என்று ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாமல் வீட்டில் வைத்திருக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டம் 309-வது பிரிவை 2023-ல் நீக்கிவிட்டார்கள். இதையும் கட்டத்துக்குள் ஒரு வரியாகச் சேருங்கள்.

———

கோயில்வீதி:

“யாரோ செஞ்சு வெச்சிருக்காங்க” என்பதற்குத் தாளில் சண்டை போடாதீர்கள். கூட்டம் நடப்பது கோயில் மண்டபத்தில். நம்பிக்கையைக் கேலி செய்வதாகத் தோன்றினால் அந்தக் குடும்பம் தாளையும் மடித்து வைத்துவிடும், உங்களையும். “பூஜை செய்யுங்கள், கிளினிக்குக்கும் போங்கள், இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது” என்று எழுதுங்கள். அம்மனுக்கு விளக்கேற்றுவதால் எந்த மருந்தும் கெடாது.

எங்கே கெடுகிறது என்றால், மந்திரிப்பவர் மூன்று விஷயம் சொல்லும்போது: மாத்திரையை நிறுத்து, நாற்பத்தெட்டு நாள் அன்னம் தொடாதே, நான் தரும் பொட்டலத்தை மட்டும் சாப்பிடு. மருந்தகத்தார் சொன்ன ஸ்டீராய்டு ஆபத்து அந்தப் பொட்டலத்துக்கும் பொருந்தும். சர்க்கரை நோயாளி என்றால் பட்டினி அதைவிட ஆபத்து. அடிப்பது, கட்டிப்போடுவது, மிளகாய்ப் புகை போடுவது எல்லாம் வன்கொடுமை, அதில் பேச்சே இல்லை. பூசாரியையே கூட்டத்துக்கு முதல் வரிசையில் உட்கார வையுங்கள். “மாத்திரையை விடாம விரதம் இரு” என்று அவர் வாயால் ஒரு முறை சொன்னால் நம் தாள் பத்துக்குச் சமம்.

பிள்ளை பெற்ற பெண்களைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பிரசவமான முதல் வாரத்தில் காரணமில்லாத அழுகை வருவது பெரும்பாலோருக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் தானே போய்விடும். அதைத் தாண்டினால் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. “தீட்டு வீட்டுல காத்து பட்டுடுச்சு” என்று நாற்பது நாளும் அறைக்குள்ளேயே வைப்பதால் அது மறைந்தே போகிறது. வீட்டுக்கு வரும் அரசாங்கத் தாதியிடம் சொன்னால் போதும், பத்துக் கேள்வித் தாள் ஒன்று அதற்கென்றே இருக்கிறது. குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்று சொன்னாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ அன்றே அவசரப் பிரிவு.

———

தோட்டத்துமல்லி:

எல்லாருக்கும் நன்றி. தாள் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. கடைசியாக ஒன்று: வீட்டில் இருப்பவர்கள் அந்த ஆறு வாரம் என்ன செய்ய வேண்டும்? “தைரியமா இரு” என்பதைத் தவிர நம் ஆட்களுக்கு வேறு சொல்லத் தெரிவதில்லை.

———

கிளினிக்_மேசை:

“தைரியமா இரு” என்று சொன்னால் “உனக்குத் தைரியமில்ல” என்றுதான் அவர் காதில் விழும். அதற்குப் பதில் வேலை கொடுங்கள், சின்ன வேலையாக.

மனச்சோர்வில் ஆர்வம் வந்த பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருந்தால் ஆர்வம் வரவே வராது. முதலில் உடம்பு அசைய வேண்டும், ஆர்வம் பின்னால் வரும். பேச்சுச் சிகிச்சையில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது, அதன் வீட்டு வடிவம் இது: முந்தின இரவே மறுநாளுக்கு இரண்டு காரியம் மட்டும் நேரம் போட்டு எழுதுங்கள். ஒன்று உடம்புக்கு: ஏழரைக்கு வாசலில் பத்து நிமிடம் வெயிலில் நடப்பது. மற்றொன்று முன்பு பிடித்திருந்த ஏதாவது: கோழிக்குத் தீனி, ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர். செய்து முடித்ததும் 10-க்கு எவ்வளவு திருப்தி என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். முதல் வாரம் 1, 2 என்றுதான் இருக்கும். அதைப் பார்த்து மனம் தளராதீர்கள், இப்போது மதிப்பெண் முக்கியமில்லை, செய்தாரா என்பதுதான். பத்து நிமிடம் ஒரு வாரம் நின்றால் பதினைந்து. ஒரு நாள் விட்டால் மறுநாள் பத்திலிருந்தே மறுபடி, ஏசாமல். கூடப் போங்கள், “போயிட்டு வா” என்று அனுப்பாதீர்கள்.

இந்த மாதங்களில் பெரிய முடிவு எதுவும் வேண்டாம்: வேலையை எழுதிக் கொடுப்பது, நிலத்தை விற்பது, பிரிந்து போவது. “நான் எதுக்கும் உதவாதவன்” என்ற எண்ணம்தான் அப்போது அவருக்காகக் கையெழுத்துப் போடும். எம்.சி. (மருத்துவ விடுப்பு) தேவைப்பட்டால் கேட்கத் தயங்க வேண்டாம், வேலைச் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள், சேர்ந்து இரண்டு வருடமானால் 18, ஐந்து வருடமானால் 22. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் அதற்கு 60 நாள் தனி. மண்டோரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் “காலை நேரம் முடியவில்லை, சில வாரம் பத்து மணிக்குத் தொடங்கும் வேலை கிடைக்குமா” என்று கிராணியிடம் (தோட்ட எழுத்தரிடம்) கேட்டுப் பார்க்கலாம். மருந்து எடுக்கத் தொடங்கிய நாளை நாள்காட்டியில் வட்டமிட்டு, அதிலிருந்து 28-வது நாளிலும் ஒரு வட்டம் போடுங்கள். அந்த நாளில் கொஞ்சம்கூட மாற்றம் இல்லையென்றால் மருந்தை விடுவதற்கில்லை, அளவைக் கூட்டவோ மாற்றவோ டாக்டரிடம் திரும்பப் போவதற்கு.

தாளின் பின்பக்கம் காலியாக இருந்தால் அந்த நாள்காட்டிக் கட்டத்தையே அச்சடித்துவிடுங்கள் அக்கா. 42 கட்டம், ஒவ்வொன்றிலும் மாத்திரைக்கு ஒரு சின்ன வட்டம், நடைக்கு ஒன்று. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அதைக் காட்டினால் போதும், மலாய் தேவையில்லை.